டைக்ரோமேட் இல்லாமல் கறுப்பு-வெள்ளை ரிவர்சல்: எந்த பிளீச் ஒத்துவரும்?

சிவப்பு விளக்கு:

வணக்கம் நண்பர்களே. இல்ஃபோர்டு எஃப்பி4 பிளஸ் 35 மி.மீ. பிலிமை ரிவர்சலில், அதாவது நெகட்டிவாக நிறுத்தாமல் நேரடி பாசிட்டிவாகக் கழுவி, ஸ்லைடாக்குகிறேன். முதல் டெவலப்பர் டி-67, அதாவது டி-19 உடன் லிட்டருக்கு 2 கிராம் சோடியம் தயோசயனேட். அந்த டெவலப்பர் உண்டாக்கிய வெள்ளியை நீக்கும் பிளீச், கோடாக்கின் பழைய ஆர்-9: ஒரு லிட்டருக்கு பொட்டாசியம் டைக்ரோமேட் 9.5 கிராம், அடர் சல்பியூரிக் ஆசிட் 12 மி.லி. படத்தில் குறை இல்லை. ஆனால் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள், கழிவு நீர் போவது செப்டிக் டேங்குக்கு. டைக்ரோமேட்டை இனி தொடுவதாக இல்லை.

பெர்மாங்கனேட் பிளீச்சை ஒரு ரோலில் பார்த்தேன். லிட்டருக்கு 2 கிராம் பெர்மாங்கனேட், 10 மி.லி. அடர் ஆசிட், 5 நிமிடம். பிலிமின் ஓரத்தில், துளைகளை ஒட்டி எமல்ஷன் (படம் பதியும் ஜெலட்டின் பூச்சு) சுருங்கி உரிந்துவிட்டது. வெளிச்சமான பகுதிகள் தெளிவாக வராமல் சாம்பல் படிந்ததுபோல் நிற்கின்றன, அங்கங்கே பழுப்புத் திட்டு. பயன்படுத்தியது போர் தண்ணீர். குழாயில் வரும்போதே 30 டிகிரி.

என் கேள்விகள்:

பெர்மாங்கனேட்டைச் சரிசெய்ய வழி உண்டா, அடர் ஆசிட் இல்லாமல் முடியுமா? ஹைட்ரஜன் பெராக்சைடும் சிட்ரிக் ஆசிடும் போதும் என்கிறார்கள், பிலிமுக்கு ஆகுமா? ஃபெர்ரிசயனைடு, காப்பர் சல்பேட் பிளீச்சுகள் படத்தின் நிறம் மாற்றும் டோனிங் வேலைக்காகக் கையில் இருக்கின்றன, அவற்றையே போட்டால் என்ன? மிச்சமிருக்கும் 100 கிராம் டைக்ரோமேட்டை என்ன செய்வது?


வெள்ளி உப்பு:

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அது புரிந்தால் மற்றவை எளிது.

ரிவர்சல் பிளீச் ஒரே ஒரு வேலையைச் செய்ய வேண்டும். முதல் டெவலப்பர் உண்டாக்கிய வெள்ளியைக் கரைத்து பிலிமை விட்டு வெளியேற்ற வேண்டும். டெவலப் ஆகாமல் மீந்திருக்கும் வெள்ளி புரோமைடைத் தொடக்கூடாது. அந்த மீதிதான் நாளைக்கு உங்கள் ஸ்லைடு. டோனிங்குக்கு வைத்திருக்கும் பிளீச் எல்லாம் நேர் எதிர் வேலை செய்பவை. ஃபெர்ரிசயனைடோடு புரோமைடு, காப்பர் சல்பேட்டோடு உப்பு, இரண்டுமே வெள்ளியைத் திரும்ப ஹாலைடாக்கி, அதாவது புரோமைடு, குளோரைடு போன்ற ஒளி உணரும் உப்பாக்கி, எமல்ஷனுக்குள்ளேயே உட்காரவைக்கும். பிறகு விளக்கைக் காட்டி இரண்டாவது டெவலப்பரில் போட்டால் நெகட்டிவும் பாசிட்டிவும் சேர்ந்து கறுக்கும். கிடைப்பது முழுக் கறுப்புப் பட்டை. புரோமைடு சேர்க்காத ஃபெர்ரிசயனைடும் உதவாது. அதில் உண்டாகும் வெள்ளி ஃபெர்ரோசயனைடு தண்ணீரில் கரையாது. கலர் பிலிமின் ஃபெர்ரிக் இடிடிஏ பிளீச்சிலும் புரோமைடு இருப்பதால் அதுவும் ஆகாது.

ஆக, கரையும் வெள்ளி உப்பு வேண்டும். சல்பேட் அதற்குப் போதும்: வெள்ளி சல்பேட் சாதாரண வெப்பத்தில் லிட்டருக்குச் சுமார் 8 கிராம் கரையும். 36 படச் சுருளில் மொத்த வெள்ளியே அரை கிராமுக்குள்தான். ஆகவே சல்பேட் சூழலில், ஹாலைடு இல்லாத, வலுவான ஆக்சிகரணி, அதாவது வெள்ளி உலோகத்தை உப்பாக்கும் பொருள், தேவை. டைக்ரோமேட், பெர்மாங்கனேட், சீரியம், பெராக்சைடு என்ற நான்கைச் சுற்றியே எல்லோரும் வருவது இதனால்தான். அமோனியம் பெர்சல்பேட்டைச் சிலர் சொல்வார்கள், வேண்டாம். அடர்த்தியான இடத்தை முதலில் தின்று மெல்லிய இடத்தில் தயங்கும் குணம் அதற்கு. தண்ணீரில் துளி குளோரைடு மாறினாலும் வேகம் மாறிவிடும்.

டைக்ரோமேட் ஏன் இவ்வளவு காலம் நின்றது என்பதையும் சொல்ல வேண்டும், உங்கள் எமல்ஷன் உரிந்ததற்கு விடை அதில்தான் இருக்கிறது. டைக்ரோமேட் வெள்ளியைக் கரைக்கும்போது அதுவே மூன்று இணைதிறன் குரோமியமாக இறங்குகிறது. அந்தக் குரோமியம் ஜெலட்டினைப் பதப்படுத்தி இறுக்குகிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோலைப் பதனிடுவதும் இதே மூன்று இணைதிறன் குரோமியத்தால்தான். ஜெலட்டினும் தோலிலிருந்தும் எலும்பிலிருந்தும் வருவதுதானே. பிளீச் செய்துகொண்டே பிலிமை உறுதியாக்கும் இந்தக் குணம் பெர்மாங்கனேட்டுக்குக் கிடையாது. அந்த இடத்தை வெப்பக் கட்டுப்பாட்டால் நிரப்ப வேண்டும்.

இருந்தாலும் டைக்ரோமேட்டை விட்டது சரியான முடிவு. அதில் இருக்கும் ஆறு இணைதிறன் குரோமியம் புற்றுநோய் உண்டாக்குவது. தோலுக்கு ஒருமுறை ஒவ்வாமை வந்தால் பிறகு ஆயுள் முழுக்கத் துளி பட்டாலும் வெடிக்கும். கொத்து வேலை செய்பவர்களின் கையில் வரும் சிமென்ட் புண்ணுக்கும் சிமென்டில் இருக்கும் இதே குரோமியம் ஒரு முக்கியக் காரணம். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2017 செப்டம்பர் 21க்குப் பிறகு தனி அனுமதி இல்லாமல் டைக்ரோமேட்டைப் பயன்படுத்த முடியாது. நமக்கு அவ்வளவு தூரம் போகவே வேண்டாம்: ராணிப்பேட்டையில் குரோமேட் ஆலை விட்டுப்போன கழிவு மேடு நிலத்தடி நீரை என்ன செய்தது என்பது ஊரறிந்த விஷயம். செப்டிக் டேங்கில் ஊற்றினால் அது போய்ச் சேர்வதும் அதே நிலத்தடிக்குத்தான்.


எட்டு மில்லிமீட்டர்:

பெர்மாங்கனேட்டையே வைத்துக்கொள்ளுங்கள், ஆசிட்டை மாற்றுங்கள். அடர் சல்பியூரிக் ஆசிட்டுக்குப் பதில் சோடியம் பைசல்பேட். வெள்ளைப் பொடி, கரைத்தால் அமிலம். கையில் பட்டால் எரியும். ஆனால் அடர் ஆசிட் போலத் தெறித்துப் பொசுக்காது. ஆய்வக ரசாயனக் கடையில் கிடைக்கும். நீச்சல் குளத்துக்கு அமிலத்தன்மை ஏற்ற விற்கும் 'பிஹெச் மைனஸ்' பொடியும் பல நேரம் இதேதான், டப்பாவில் பெயரைப் படித்துப் பாருங்கள். 2013 உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு அடர் ஆசிட்டைச் சில்லறையில் வாங்க அடையாள அட்டை, பதிவேடு எல்லாம் வேண்டும். இதற்கு அந்த அலைச்சல் இல்லை.

கரைசல் அ: டிஸ்டில்டு வாட்டர் 500 மி.லி., பொட்டாசியம் பெர்மாங்கனேட் 2 கிராம்.

கரைசல் ஆ: டிஸ்டில்டு வாட்டர் 500 மி.லி., சோடியம் பைசல்பேட் மோனோஹைட்ரேட் 50 கிராம். நீரற்ற வகையாக இருந்தால் 43 கிராம்.

பயன்படுத்தும்போது சரிபாதி கலக்க வேண்டும். 300 மி.லி. டேங்குக்கு அ 150, ஆ 150. பொட்டாசியம் பெர்மாங்கனேட் கரைய நேரமெடுக்கும். 45 டிகிரித் தண்ணீரில் போட்டு கண்ணாடிக் குச்சியால் கலக்கி, ஆறவைத்து, ஓர் இரவு அசையாமல் விடுங்கள். மறுநாள் அடியில் தங்கியதை விட்டு மேல்நீரை மட்டும் பழுப்பு பாட்டிலுக்கு மாற்றுங்கள். வடிதாளோ பஞ்சோ வைத்து வடிக்கக்கூடாது. பெர்மாங்கனேட் அவற்றையே தின்று பழுப்பு மண்டியாகிவிடும். கரையாத ஒரு குருணை பிலிமில் ஒட்டினால் அந்த இடத்தில் ஊசித் துளை விழும். தனித்தனி பாட்டிலில் அ மாதக்கணக்கில் இருக்கும், ஆ கெடவே கெடாது. கலந்துவிட்டால் சில மணி நேரம்தான். ஒரு தடவை பயன்படுத்திக் கொட்டிவிடுங்கள்.

அளவைக் கூட்ட வேண்டிய தேவையே இல்லை. 300 மி.லி. கலவையில் பெர்மாங்கனேட் 0.6 கிராம், அமிலம் போதுமானதாக இருந்தால் அது 2 கிராம் வெள்ளியைக் கரைக்கும். உங்கள் சுருளில் இருப்பதைப்போலப் பல மடங்கு. பிளீச் ஆகாமல் நின்றால் பெர்மாங்கனேட்டைக் கூட்டாதீர்கள், காரணம் வேறு எங்கோ இருக்கிறது.

பைசல்பேட்டால் இன்னொரு லாபம். மேலே சொன்ன 50 கிராமில் இருக்கும் மொத்த அமிலம் 10 மி.லி. அடர் ஆசிட்டில் இருப்பதற்கு ஏறத்தாழச் சமம். ஆனால் ஒரே நேரத்தில் வெளிப்படும் வீரியம் குறைவு, தேவைப்படத் தேவைப்பட அவிழும். கூடவே சோடியம் சல்பேட்டும் கரைசலில் இருப்பதால் ஜெலட்டின் ஊதுவது அடங்கும். ஓரம் உரிவது இதிலேயே பெருமளவு நின்றுவிடும். நேரம் மட்டும் கொஞ்சம் கூடும்: 20 டிகிரியில் 6 நிமிடத்திலிருந்து தொடங்குங்கள்.

வரிசை இப்படி:

முதல் டெவலப்பர், உங்கள் டி-67 இப்போதிருக்கும் நேரத்துக்கே. பிறகு அலசல் 5 நிமிடம், குறைந்தது ஐந்து முறை தண்ணீர் மாற்றி. இதில் கஞ்சத்தனம் காட்ட வேண்டாம். டெவலப்பரின் காரம் மிஞ்சினால் பெர்மாங்கனேட் பாதி வழியில் நின்று பழுப்பு மாங்கனீஸ் டைஆக்சைடாக எமல்ஷனுக்குள் படியும். தயோசயனேட் மிஞ்சுவது அதைவிட மோசம். அமிலப் பெர்மாங்கனேட் அதைத் தாக்கும்போது ஹைட்ரஜன் சயனைடு பிறக்க இடமுண்டு. ஜன்னலைத் திறந்துவைத்து வேலை செய்யுங்கள்.

பிளீச் 6 நிமிடம், தொடர்ந்து மெதுவாக ஆட்டிக்கொண்டு. 3 நிமிடம் ஆனதும் அறை விளக்கைப் போட்டுக்கொள்ளலாம், எப்படியும் வெளிச்சம் காட்டப்போகும் பிலிம்தானே. அடுத்து அலசல் 1 நிமிடம். கிளியரிங் பாத்: சோடியம் மெட்டாபைசல்பைட் லிட்டருக்கு 25 முதல் 30 கிராம், 2 நிமிடம். ஊதா, பழுப்பு எல்லாம் கண் முன்னே வெளுத்து, பிலிம் பால்கோவா நிறத்துக்கு வரும். அலசல் 3 நிமிடம். பிறகு ரீலை வெள்ளைக் கிண்ணத்தில் தண்ணீரில் மூழ்கவைத்து, 9 வாட் எல்இடி பல்பை ஒரு அடி உயரத்தில் பிடித்து, இரு பக்கமும் ஒவ்வொரு நிமிடம். நேர் வெயிலில் காட்ட வேண்டாம். இரண்டாவது டெவலப்பர் தயோசயனேட் போடாத வெறும் டி-19, முழுவதும் கறுக்கும்வரை, சாதாரணமாக 4 முதல் 5 நிமிடம். பிறகு மீதி ஹாலைடை நீக்கும் பிக்சர் (fixer), கடைசி அலசல்.

கடையில் வாங்கும்போது ஒரு எச்சரிக்கை: பைசல்பேட், மெட்டாபைசல்பைட் இரண்டும் காதில் ஒரே மாதிரி விழும். மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். ஆ பாட்டிலில் மெட்டாபைசல்பைட் போய்விட்டால் கலந்த நொடியே ஊதா நிறம் மறைந்து பிளீச் வெறும் தண்ணீராகிவிடும். பிலிமில் ஊற்றுமுன் நிறம் நிற்கிறதா என்று ஒரு நிமிடம் பாருங்கள்.

உயிர் சம்பந்தப்பட்டது ஒன்று. உலர்ந்த பெர்மாங்கனேட்டின் மேல் அடர் சல்பியூரிக் ஆசிட்டை ஒருபோதும் ஊற்றக்கூடாது. வெடிக்கும் எண்ணெய் போன்ற சேர்மம் உண்டாகும். கிளிசரினும் பக்கத்தில் வேண்டாம், தானே தீப்பிடிக்கும்.


வடிதாள்:

மேலே சொன்ன முறையே என் ஓட்டும். ஆனால் சிவப்பு விளக்கு சொன்ன 'சாம்பல் படிந்ததுபோல்' என்பது அமிலப் பிரச்சினை இல்லை, தண்ணீர்ப் பிரச்சினை. போர் தண்ணீரில் இருக்கும் உப்பு, கரைய வேண்டிய வெள்ளியை அங்கேயே வெள்ளி குளோரைடாகப் பிடித்துவைத்துவிடுகிறது. அது இரண்டாவது டெவலப்பரில் கறுக்கிறது. அதனால் வெள்ளையாக வர வேண்டிய வானமும் சட்டையும் சாம்பல்.

உறுதிப்படுத்த ஒரு சோதனை. சாதாரண முறையில் டெவலப் செய்து பிக்சரும் போட்ட நெகட்டிவ் ஒன்றின் கறுப்பு லீடரில் (பிலிமின் வெளிச்சம் பட்ட தொடக்க நுனி) 5 செ.மீ. வெட்டிக்கொள்ளுங்கள். அதில் வெள்ளி மட்டும்தான் இருக்கிறது, ஹாலைடு கிடையாது. ஒரு டம்ளரில் பிளீச் ஊற்றி, பகல் வெளிச்சத்திலேயே பாதித் துண்டை நனையுங்கள். கறுப்பு பழுப்பாகி, பழுப்பு மெலிந்து, மூன்று நான்கு நிமிடத்தில் பின்னால் பிடித்த விரல் ரேகை தெரிய வேண்டும். கிளியரிங் பாத்தில் முக்கி, அலசி, கறுப்புத் துணிக்கு மேலே பிடித்துப் பாருங்கள். கண்ணாடிபோல இருந்தால் தண்ணீர் சுத்தம். மோர் தெளித்ததுபோல மெல்லிய வெண்படலம் தெரிந்தால் அது குளோரைடு. சந்தேகமிருந்தால் அதே துண்டை டெவலப்பரில் போடுங்கள்: படலம் சாம்பலாக மாறினால் தீர்ந்தது சந்தேகம். இந்தச் சோதனையிலேயே உங்கள் பிளீச் நேரமும் கிடைத்துவிடும். துண்டு தெளிய ஆன நேரத்தை இரட்டிப்பாக்கிக்கொள்ளுங்கள்.

பிளீச் கரைசலுக்கும், அதற்கு முந்தைய கடைசி இரண்டு அலசலுக்கும், பிந்தைய ஒரு நிமிட அலசலுக்கும் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக்கு என்று பெட்ரோல் பங்கிலும் பஞ்சர் கடையிலும் விற்பது போதும். முதல் பல அலசல்களுக்குக் கேன் தண்ணீர் ஆகும். 'ஆசிட்' என்று கழிவறை கழுவ விற்பது ஹைட்ரோகுளோரிக். அதை பிளீச்சில் ஊற்றினால் குளோரின் வாயு கிளம்பும், வெள்ளியும் ஒரு துளி வெளியேறாது.

அடுத்தது வெப்பம். 30 டிகிரித் தண்ணீரில் எந்த அமிலப் பிளீச்சும் ஓரத்தை உரிக்கும். பக்கெட்டில் ஐஸ் போட்டு எல்லாப் பாட்டிலையும் 18 முதல் 20 டிகிரிக்குள் நிறுத்துங்கள். அலசும் தண்ணீரும் அதே பக்கெட்டில் இருக்க வேண்டும். பலர் டெவலப்பரையும் பிளீச்சையும் குளிரவைத்துவிட்டு அலசலைக் குழாயில் விடுவார்கள். 20லிருந்து 30க்குத் தாவும் அந்த நொடியில்தான் ஜெலட்டின் சுருங்கி வலை விழுகிறது. ஒரு ரோலுக்கு ஆறேழு லிட்டர் குளிர்ந்த தண்ணீர் தயாராக இருக்கட்டும்.

அப்படியும் உரிந்தால், முதல் டெவலப்பருக்குப் பிறகு கோடாக்கின் எஸ்பி-4 குளியல் 3 நிமிடம்: லிட்டருக்கு குரோம் ஆலம் 30 கிராம், உலர் சோடியம் சல்பேட் 60 கிராம். வெப்பநாடுகளுக்கென்றே வந்த சூத்திரம். இதில் இருப்பது மூன்று இணைதிறன் குரோமியம், டைக்ரோமேட் அளவுக்கு நஞ்சில்லை.


வெள்ளி உப்பு:

வடிதாள் சொன்னதில் கடைசிப் பத்தியோடு மட்டும் உடன்பாடில்லை. குரோம் ஆலம் தனியாக இருக்கும்வரை சரி. அதை ஊறிய பிலிம் நேராக அமிலப் பெர்மாங்கனேட்டுக்குப் போகிறதே. பெர்மாங்கனேட் மூன்று இணைதிறன் குரோமியத்தை ஆறுக்கு ஏற்றக்கூடியது. குளிரில் மெதுவாகத்தான் நடக்கும், அளவும் சிறிது, பின்னால் வரும் மெட்டாபைசல்பைட் திரும்ப இறக்கிவிடும் என்பதும் உண்மை. ஆனாலும் டைக்ரோமேட்டிலிருந்து விலகத்தான் இவ்வளவும் செய்கிறோம். கழிவில் குரோமியமே இல்லாத வழி இருக்கும்போது எதற்கு?

குளிர்ந்த தண்ணீர் கிடைக்காத இடத்தில் அலசலிலேயே சோடியம் சல்பேட் போடுங்கள், லிட்டருக்கு 50 கிராம், நீரற்றது. ஜெலட்டின் ஊதாது. பிளீச்சுக்குள் மட்டும் இதைச் சேர்க்காதீர்கள். பைசல்பேட்டின் அமில வீரியத்தை அது இறக்கிவிடும், மறுபடி பழுப்புப் படிவுதான். சாயப்பட்டறைக்கு கிளாபர்ஸ் சால்ட் என்று விற்கும் சோடியம் சல்பேட்டில் சாதா உப்பும் கலந்திருக்கலாம், ஆய்வகத் தரமே வாங்குங்கள்.


வடிதாள்:

நியாயம்தான். கழிவை வைத்துப் பார்த்தால் சல்பேட் அலசலே மேல். குரோம் ஆலத்தைத் திரும்பப் பெறுகிறேன்.


காகித நெகட்டிவ்:

பெராக்சைடு பற்றி. காகிதத்தில் அது அருமை, பிலிமில் அபாயம். வித்தியாசம் வாயுவில்.

வெள்ளி, பெராக்சைடை உடைத்து ஆக்சிஜனாக்கும் வினையூக்கி. பிளீச் நடக்கும்போதே எமல்ஷனுக்குள் நுண்குமிழி பிறக்கிறது. பிளாஸ்டிக் பூசிய ஆர்சி புகைப்படக் காகிதத்தில் எமல்ஷன் மெல்லியது, நன்றாக இறுகியது, குமிழி மேலே தப்பிவிடும். பிலிமில் வெள்ளி அதிகமுள்ள, கறுத்த இடங்களில் கொப்புளம் எழும்பி, உலர்ந்தபின் நட்சத்திரம் தெளித்ததுபோல் ஓட்டைகள் நிற்கும். பெராக்சைடோடு காப்பர் குளோரைடும் அசிட்டிக் ஆசிடும் சேர்த்தால் அது மோர்டாஞ்சாஜ். கறுத்த இடத்து ஜெலட்டினையே திரையாகக் கிளப்பிவிடும் முறை. ஜெலட்டினைக் கிளப்புவதற்கென்றே பயன்படும் பொருளை ஜெலட்டின் அசையாமல் இருக்க வேண்டிய இடத்தில் வைக்கிறோம் என்பதை நினைவில் கொள்ளுங்கள். செம்பு, இரும்புத் துணுக்கு, குளோரைடு மூன்றும் பெராக்சைடு பக்கம் வரவே கூடாது.

காகிதத்துக்குத் தொடக்க அளவு: மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் 20 வால்யூம் ஹைட்ரஜன் பெராக்சைடு, அதாவது 6 சதவீதம், நீர்க்காமல் 500 மி.லி.; சிட்ரிக் ஆசிட் 10 கிராம்; இடிடிஏ டைசோடியம் கால் கிராம். இடிடிஏ தண்ணீரிலும் தட்டிலும் ஒட்டியிருக்கும் உலோகத்தைக் கட்டிவைத்து, பெராக்சைடு வீணாக உடைவதைக் குறைக்கும். 30 டிகிரியில் தட்டில் 8 முதல் 12 நிமிடம். நம் ஊர் வெப்பம் இங்கே சாதகம், 20 டிகிரியில் நகரவே நகராது. கறுப்பு முழுதும் போய் வெளிர் மஞ்சள் உருவம் மட்டும் நிற்கும்போது எடுங்கள். பிறகு 2 நிமிடம் அலசல், லிட்டருக்கு 10 கிராம் சோடியம் சல்பைட் கரைசலில் 1 நிமிடம், மீண்டும் அலசல். இந்தச் சல்பைட்டைத் தவிர்க்காதீர்கள். எமல்ஷனில் பெராக்சைடு மிஞ்சி, காரமான இரண்டாவது டெவலப்பருக்குள் போனால் புதிதாகப் பிறக்கும் வெள்ளியைச் சுற்றி மறுபடி குமிழி வெடிக்கும்.

30 சதவீத பெராக்சைடு வாங்கி நீர்த்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் வேண்டாம். தோலில் பட்டால் வெள்ளையாக வெந்துவிடும், கண்ணில் பட்டால் பார்வை போகும்.

பிலிமில் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்கு: மூடிய டேங்கில் செய்யாதீர்கள். வாயு சேர்ந்து மூடி தெறிக்கும். இருட்டில் திறந்த டேங்கில், 25 டிகிரிக்குள், முக்கியமில்லாத துண்டில். பெர்மாங்கனேட் ஊற்றிய டேங்கை நன்றாகக் கழுவாமல் பெராக்சைடு ஊற்றவும் கூடாது, நொடியில் நுரை பொங்கும்.


சிவப்பு விளக்கு:

மிக்க நன்றி. லீடர் சோதனை செய்தேன், போர் தண்ணீர் பிளீச்சில் வெண்படலம் அப்படியே நின்றது, டிஸ்டில்டில் தெளிவாக வந்தது. இன்னும் இரண்டு. பைசல்பேட் வரும்வரை பேட்டரி ஆசிட் ஆகுமா? சீரியம் என்று வெள்ளி உப்பு தொட்டுவிட்டுப் போனாரே, அது என்ன?


எட்டு மில்லிமீட்டர்:

பேட்டரி ஆசிட் ஆகும், புதிதாக அடைத்து விற்பது மட்டும். பழைய பேட்டரியிலிருந்து எடுத்ததில் ஈயம் இருக்கும், கிட்டவே வேண்டாம். பாட்டிலில் ஒப்படர்த்தி போட்டிருப்பார்கள். 1.250 என்றால் 10 மி.லி. அடர் ஆசிட்டுக்குப் பதில் 43 மி.லி.; 1.280 என்றால் 38 மி.லி. எப்போதும் தண்ணீரில் ஆசிட்டை ஊற்றுங்கள், ஆசிட்டில் தண்ணீரை அல்ல. இது முழு வீரியமுள்ள சல்பியூரிக் என்பதால் பிளீச்சை 4 நிமிடத்தில் நிறுத்துங்கள், வெப்பம் 20ஐத் தாண்ட விடாதீர்கள். முன்பே சொன்ன லீடர் சோதனையை இந்த ஆசிட்டோடும் ஒருமுறை செய்துவிடுங்கள்.


வெள்ளி உப்பு:

சீரியம்: செரிக் அமோனியம் சல்பேட், லிட்டருக்கு 20 கிராம், சல்பியூரிக் ஆசிட் சேர்ந்த கரைசல். ஒரு சீரியம் அயனி ஒரு வெள்ளி அணுவைக் கரைக்கும், அவ்வளவுதான் கணக்கு. மேற்படி அளவு லிட்டருக்கு 3 கிராமுக்குச் சற்று மேல் வெள்ளியைத் தாங்கும். பழுப்புப் படிவு வராது, கலந்த கரைசல் கெடாது, மஞ்சள் நிறம் மங்குவதை வைத்தே எவ்வளவு மிச்சம் என்று சொல்லிவிடலாம். குறை இரண்டு. விலை அதிகம். அமிலம் குறைந்தால் சீரியம் நீராற்பகுப்பில் மஞ்சள் வண்டலாக இறங்கிவிடும், ஆகவே பைசல்பேட் மட்டும் வைத்து ஓட்டுவது கடினம், உண்மையான சல்பியூரிக் வேண்டும். வாரத்துக்குப் பல ரோல் கழுவும் இடத்துக்கு அது நியாயமான செலவு. வீட்டுக்குப் பெர்மாங்கனேட், பைசல்பேட் ஜோடியே போதும்.

கழிவு. பயன்படுத்திய பெர்மாங்கனேட் பிளீச்சை ஒரு வாளியில் சேருங்கள். பழைய கிளியரிங் பாத்தை நிறம் போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். திறந்த வெளியில், ஏனென்றால் கந்தக டைஆக்சைடு நெடி வரும். ஆஸ்துமா உள்ளவர்கள் பக்கத்தில் இருக்கக்கூடாது. பிறகு சலவை சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகப் போட்டு நுரைப்பது நிற்கும்வரை அமிலத்தை அடக்குங்கள். வெள்ளி இருப்பதால் இதையும் செப்டிக் டேங்கில் விட வேண்டாம், நுண்ணுயிர்கள் செத்துவிடும். தீர்ந்த பிக்சரோடு சேர்த்து கேனில் வைத்து, வெள்ளி மீட்பவரிடம் கொடுங்கள்.

உங்கள் 100 கிராம் டைக்ரோமேட்: பிரிக்காத டப்பாவாக இருந்தால் கல்லூரி வேதியியல் ஆய்வகம் எதிலாவது கேட்டுப்பாருங்கள், அங்கே அதற்கு வேலை உண்டு. கரைத்துவைத்த ஆர்-9 மிச்சம் இருந்தால் அதை வீட்டிலேயே அடக்கலாம். கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு, கரைசலில் இருக்கும் ஒவ்வொரு கிராம் டைக்ரோமேட்டுக்கும் 1.5 கிராம் மெட்டாபைசல்பைட் வீதம் சிறிது சிறிதாகச் சேருங்கள். அமிலம் ஏற்கெனவே அதில் இருக்கிறது. ஆரஞ்சு நிறம் துளியும் இல்லாமல் முழுப் பச்சையாக வேண்டும். அரைகுறைப் பச்சையில் நிறுத்தினால் ஆறு இணைதிறன் மிச்சம் இருக்கிறது என்று பொருள். பிறகு சலவை சோடாக் கரைசலை ஊற்றி, லிட்மஸ் தாளுக்குப் பதில் எண் காட்டும் பிஹெச் தாள் வைத்து பிஹெச் 8க்கும் 9க்கும் இடையே கொண்டுவாருங்கள். சாம்பல் பச்சைக் கூழாகக் குரோமியம் அடியில் இறங்கும். இரண்டு நாள் விட்டு மேல்நீரைப் பாருங்கள், நிறமற்று இருக்க வேண்டும். கூழைக் காயவைத்து மூடிய டப்பாவில் பெயர் எழுதி, அந்த ஆய்வகத்தின் கழிவோடு சேர்க்கச் சொல்லுங்கள். உலர்ந்த டைக்ரோமேட் பொடியை இதற்காக வீட்டில் திறந்து கரைக்காதீர்கள், மூக்கில் ஏறும் தூசுதான் அதில் மிக மோசமானது.

ஆர்-9 ஊற்றிய டேங்கையும் ரீலையும் மெட்டாபைசல்பைட் கரைசலில் ஒரு இரவு ஊறவைத்து அலசிவிட்டுப் புதிய பிளீச்சைத் தொடங்குங்கள். ரீலின் திருகுப் பள்ளத்தில் மஞ்சள் தங்கியிருக்கும், பழைய பல்துலக்கியால் தேய்த்தால் வந்துவிடும்.